தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

‘முதியோர் இல்லம்’ என்ற தலைப்பில் தமிழில் வந்த கவிதைகளை மட்டும் திரட்டினால் தலையணை அளவுக்கு ஒரு நூல் தேறும். கல்லூரி ஆண்டு மலருக்கு வரும் படைப்புகளைப் படித்துக் கழிக்கும் பொறுப்பு எங்களுடையது. ஆகவே அனுபவத்தில் சொல்கிறோம். சுமந்த வயிறு, வெறிச்சோடிய திண்ணை, வராத மகன், இரக்கமற்ற மருமகள் ஆகிய நான்கும் தவறாமல் இடம்பெறும். சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் இவற்றைக் கண்டு நகைக்கிறோம். அதே கண்ணீரைச் சற்று இறுகிய நடையில் எழுதித் தந்தால் மட்டும் அச்சேற்றிவிடுகிறோம்.

இனி நகைத்துவிட்டு நகர எங்களால் இயலாது. காரணம் எங்கள் பெரியம்மா. மக்கட்பேறு இல்லாதவர், எங்களை வளர்த்தவர், எண்பதைக் கடந்தவர். ஆம்பூரில் எங்கள் தெருவில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆளரவம் இராது. காலணித் தொழிற்சாலைகளின் வேன்கள் அதற்குள் பெண்களை ஏற்றிச் சென்றிருக்கும். கவிதையில் வரும் அந்த மருமகள் அங்கேதான் மாலைவரை குனிந்து தோல் தைக்கிறாள். மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை அவள் கூலியில்தான் வருகிறது. இதை எழுதிய கவிஞர் ஒருவரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

சென்ற மாதம் வேலூரை ஒட்டிய இரண்டு இல்லங்களையும், கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பையும் பார்த்து வந்தோம். குற்றம் செய்யப் போகிறவர்கள் போலத்தான் போனோம். முதல் இல்லத்தில் பூந்தொட்டிகளைக் காட்டினார்கள், “சொந்த அம்மா மாதிரி பாத்துக்குவோம்” என்றார்கள், தலையாட்டினோம். இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், கட்டிலிலிருந்து கழிப்பறை எத்தனை அடி, விழுந்தால் எந்த மருத்துவமனைக்கு எதில் ஏற்றிச் செல்வார்கள், முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று ஒன்றையும் கேட்கவில்லை. கேட்க நாணம். கோவைக் குடியிருப்பின் ஒப்பந்தத்தை வீட்டுக்கு வந்து படித்தபோதுதான், மறதி நோய் முற்றினால் வெளியேறிவிட வேண்டும் என்ற விதி கண்ணில் பட்டது. எந்த நிலைக்காக இடம் தேடினோமோ அந்த நிலைக்கு அங்கே இடமில்லை!

இரண்டாவது இல்லத்துக்குப் பெரியம்மாவும் வந்திருந்தார். அறைக்கதவை இழுத்துப் பார்த்தார். “உள்பக்கம் தாழ்ப்பா இல்லையே?”

“பாதுகாப்புக்காகத்தாம்மா.”

“அப்ப நான் பொடவ மாத்துறப்ப?”

மேலாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

அந்தக் கவிதைகள் செய்த வேலை இதுதான். பிள்ளைகளை வெட்கப்பட வைத்தன. வெட்கப்படுகிறவன் கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேட்காதவனுக்கு எந்த அறையையும் காட்டிக் கட்டணம் பெறலாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும் (2007) இந்தக் கவிதைகளைப் படித்துவிட்டு இயற்றப்பட்டது போலவே தோன்றுகிறது. பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தரவேண்டுமென ஆணையிடத் தீர்ப்பாயம் உண்டு. 19ஆம் பிரிவோ, மாவட்டத்துக்கு ஒன்றேனும் என 150 வறிய முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு ‘நிறுவலாம்’ என்கிறது. பிள்ளைக்கு ‘வேண்டும்’, அரசுக்கு ‘லாம்’. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவைத் தமிழாசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகி ஆம்பூர் அதில் சேர்ந்தபோது மகிழ்ந்தோமே தவிர, இந்தப் பிரிவை நினைவூட்டி ஒரு மனுக்கூட நாங்கள் எழுதவில்லை.

கூட்டுக்குடும்பம் இருந்தவரை இந்த நிலை வந்ததா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பெரியம்மா தம் மாமியாரின் படுக்கைப் புண்ணைப் பதினோரு ஆண்டுகள் கழுவினார். அந்தப் பதினோரு ஆண்டுகளைத்தான் நாம் ‘பாசம்’ என்று எழுதி வந்தோம். அதற்குக் கூலியும் இல்லை, விடுப்பும் இல்லை. அழுவதை விட்டு வேலையில் இறங்கியவர்களும் உண்டு: ஆதரவற்ற மூதாட்டிகளுக்காகச் சாவித்திரி வைத்தி சென்னையில் விச்ராந்தியைத் தொடங்கியது 1978இல். டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

வரும் ஞாயிறு வாணியம்பாடிப் பக்கம் வேறொரு இல்லத்துக்குச் செல்கிறோம். இருட்டிய பின் செல்வதென்பது பெரியம்மாவின் முடிவு. கேள்விகளையும் அவரே நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கு அதில் ஒரே ஒரு வேலை: பக்கத்தில் நின்று பதில்களைக் குறித்துக்கொள்வது.