ஈயக் கட்டி சொன்ன சேதி

ஆரம்பாக்கத்தில் சரித்திர பாடம் நடத்துவது சுலபமான காரியமன்று. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கு அப்பால் வங்கக் கடல். நம் மாணவரில் பலர் வலை இழுப்போரின் பிள்ளைகள். 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினார்கள் என்று நாம் சொல்லி முடிக்குமுன், "அவர்கள் வந்த கப்பலெல்லாம் என்ன ஆயிற்று, ஸார்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். பாடப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

ஊர் திரும்பியவை போக, மூழ்கியவையும் உண்டு. அவற்றைத் தேடி மனிதர் இன்று முதுகிலே காற்றுக் குப்பியைச் சுமந்து இறங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரரான கூஸ்தோவும் காஞானும் 1943-ல் இக்கருவியை உருவாக்கினார்கள். குளிர்ந்த பால்டிக் கடலில் இப்படித் தேடுவோருக்கு அதிர்ஷ்டம் அதிகம். அங்கே உப்புக் குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழ்வதில்லை. ஆகவேதான் 1628-ல் ஸ்வீடன் தேசத்தில் மூழ்கிய 'வாஸா' என்னும் கப்பலை 1961-ல் ஏறக்குறைய முழு உருவத்துடன் தூக்கி நிறுத்த முடிந்தது.

நமது கடல் அத்தனை தயாளமுள்ளதன்று. வெதுவெதுப்பான உப்பு நீரில் புழு மரத்தைத் தின்றுவிடும். எஞ்சுபவை பானை ஓடு, நங்கூரம், உலோகம் இவையே. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலும் அப்படித்தான். தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே மூழ்கி ஈயக் கட்டிகளைக் கண்டார்கள். அவற்றில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன.

அந்த ஆழத்தில் வேலை செய்வது விளையாட்டல்ல. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், கரையில் மூன்று நாழிகைக்குப் போதுமான காற்று அங்கே ஒரு நாழிகையில் தீர்ந்துவிடும். அவசரப்பட்டு மேலே வந்தாலோ, உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உயிருக்கே ஆபத்தாகும்.

இத்தனை சிரமமும் ஒரு ஈயக் கட்டிக்காகவா? ஆம். 1792 என்று பொறித்த சரக்கை ஏற்றிய கப்பல் அவ்வாண்டுக்கு முன் மூழ்கியிருக்க முடியாதல்லவா? பெயரோ ஆங்கிலப் பெயர். மூழ்கிய இடமோ, டேனிஷ்காரர் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற தரங்கம்பாடிக்குச் சற்று வடக்கே. சீமை ஈயம் யாருடைய கணக்கில் நம் கரைக்கு வந்தது? நம் தேசத்தை அன்னியர் பங்கு போட்ட சரித்திரத்தில் ஓர் ஏடு அங்கே திறக்கிறது.

இதை நாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில் அதே பையன் மறுபடி எழுந்தான். "கண்டெடுத்தவன் அதை விற்றால் என்ன தப்பு, ஸார்? உருக்கினால் வலைக்கு ஈயக் குண்டு ஆகுமே!"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. மூழ்கிய கப்பலில் சிக்கி வலை கிழிந்தால் நஷ்டம் மீனவனுக்கு. கண்டுபிடித்த பெருமை மட்டும் படித்தவனுக்கு. இலங்கையின் தென்கரையில் கொடவாயவுக்கு அப்பால், சுமார் 2,000 ஆண்டுப் பழமையுள்ள கப்பலை முதலில் கண்டவர்கள் சங்கு குளிப்பவர்களே. அத்தகையோருக்குத் தக்க வெகுமதியும், புத்தகத்தில் அவர்கள் பெயரும் கிடைக்கவேண்டும். அது செய்யாமல் பழம்பொருளைக் காப்பாற்று என்று உபதேசிப்பது வெறும் பேச்சு.

ஆனாலும் பையனிடம் இதையும் சொன்னோம்: "உருக்கிய ஈயம் ஒரு வலைக்கு உதவும், தம்பி. ஆனால் அந்த 1792 என்ற எண் உருகிப் போனால், அதை மறுபடி யாராலும் வார்க்க முடியாது. கட்டியை இடம் பெயர்த்தாலே பாதிச் சேதி போய்விடும். எது எதன் பக்கத்தில் கிடந்தது என்பதும் சாட்சியல்லவா?"

மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். அவன் மட்டும் நின்றான்.

"எங்கள் அப்பாவுக்கு ஓர் இடம் தெரியும், ஸார். அங்கே வலை போட்டால் மாட்டிக்கொள்ளுமாம்."

பாறையோ, பழைய கட்டையோ, யார் கண்டது? ஒரு புது நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். இடம், ஆழம், வலையில் ஏறி வந்தது என்ன, எல்லாவற்றையும் தகப்பனாரைக் கேட்டு எழுதிவரச் சொன்னோம். முதல் பக்கத்தில் அவருடைய பெயரை எழுதும்படியும் சொல்லியிருக்கிறோம்.