உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பெட்டியில் ஒன்று!

கோடை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு கிளம்பும். "உடுத்த ஒன்றும் இல்லை" என்பதுதான் அந்தப் பேச்சு.

பீரோவைத் திறந்தால் துணி சரிந்து விழுகிறது. கல்யாணத்துக்கு எடுத்தது, தீபாவளிக்கு எடுத்தது, ஆடித் தள்ளுபடியில் எடுத்தது, செல்போனில் படம் பார்த்து வரவழைத்தது என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அப்படியும் உடுத்த ஒன்றும் இல்லையாம்!

இந்தப் பேச்சு பொய் அல்ல. துணி இருக்கிறது. ஆனால் வெயிலுக்கு ஏற்ற துணி இல்லை. வேலைக்கு ஏற்ற துணி இல்லை. தவணைக்குத் துணி எடுத்துவிட்டு, தவணை முடிவதற்குள் அதை மூலையில் போட்டுவிடும் குடும்பங்கள் பல. இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். அதற்குப் பணம் அதிகம் வேண்டாம். கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும்.

ஒரே நாளில் இரண்டு பருவம்

போடிநாயக்கனூர் பக்கத்துக் குடும்பங்களைப் பாருங்கள். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போடி. ஏலக்காய் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். காய் விளைவது மேலே, மலையில். விலை பேசுவது கீழே, ஊரில்.

போடியில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு வரும். அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்குள்ள ஏலத் தோட்டங்களுக்கு, போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் இருந்து ஆண்களும் பெண்களும் தினமும் ஜீப்பில் போகிறார்கள். விடியும் முன்பே புறப்பட்டு, பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிறார்கள்.

ஆயிரம் அடி உயரம் ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். போடிக்கும் போடிமெட்டுக்கும் 3 ஆயிரம் அடிக்கு மேல் உயர வித்தியாசம். ஆகவே கீழே சித்திரை வெயில் கொளுத்தும்போது, மேலே சுமார் 6 டிகிரி குறைவாக இருக்கும். காலையில் ஜீப்பில் குளிர்காற்று. மத்தியானம் தோட்டத்தில் வேர்வை. மாலையில் வீட்டுக்கு வந்தால் சுவர் எல்லாம் அனல். ஒரே நாளில் ஓர் ஆள் இத்தனையையும் தாங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நடக்கும். கோடையில் பறிப்பு இல்லை. தண்ணீர் பாய்ச்சுவது, காய்ந்த தட்டைகளை நீக்குவது, மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது போன்ற வேலைகள்தான் இருக்கும். பறிப்புக் காலத்தைப் போலக் கூலி வராது. வெயில் ஏறும்போது கைப்பணம் இறங்கும். அந்த நேரத்தில் தவறான துணிக்குப் பணம் போட்டால், அரிசிக்கும் பருப்புக்கும் அல்லவா குறையும்?

நல்ல துணி யாருக்கு?

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள்? பழைய சேலை. அதன் மேல் கணவனோ மகனோ போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டை. தலையில் ஒரு துண்டு. நல்ல சேலை எல்லாம் பீரோவுக்குள் இருக்கிறது!

முள்ளிலும் சேற்றிலும் பட்டுச் சேலை கட்டச் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆண்டில் 200 நாள் உடம்பில் இருக்கும் துணி கிழிசல். ஐந்து நாள் மட்டும் கட்டும் துணிக்கு ஆயிரக்கணக்கில் செலவு. இது சரியான கணக்கா?

மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்து, ஐந்து தடவை கட்டினால், ஒரு தடவைக்கு 600 ரூபாய் ஆகிறது. 600 ரூபாய்க்கு நல்ல பருத்திச் சேலை எடுத்து, 100 தடவை கட்டினால், ஒரு தடவைக்கு 6 ரூபாய்தான். எது மலிவு? கடையில் எழுதி ஒட்டிய விலையை மட்டும் பார்க்கக்கூடாது. எத்தனை தடவை கட்டப் போகிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

மதுரையில் நடந்தது

துணி எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு, போடிக்குப் பக்கத்தில் இருக்கும் மதுரையில் ஒரு பெரிய பதில் கிடைத்தது. அது 1921-ம் ஆண்டு. காந்தி சென்னையில் இருந்து மதுரைக்கு ரெயிலில் வந்தார். கூட வந்த பயணிகள் அன்னிய நாட்டுத் துணி உடுத்தி இருந்தார்கள். கதர் உடுத்துங்கள் என்று காந்தி கேட்டார். கதர் விலை அதிகம், அதை வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள்.

அந்தப் பதிலில் உண்மை இருப்பதை காந்தி உணர்ந்தார். அப்போது அவர் சட்டை, குல்லாய், முழு வேட்டி அணிந்திருந்தார். ஏழைக்குக் கிடைக்காத அவ்வளவு துணி தமக்கு எதற்கு என்று நினைத்தார். மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த அவர், செப்டம்பர் 22-ந் தேதி அரை வேட்டிக்கு மாறினார். முதலில் அக்டோபர் 31-ந் தேதி வரைக்கும் என்றுதான் சொன்னார். பிறகு வாழ்நாள் முழுவதும் அதுவே அவருடைய உடை ஆயிற்று. 1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கும் அதே கோலத்தில்தான் போனார்.

எல்லோரும் காந்தியைப் போல உடுத்த முடியாது. அது தேவையும் இல்லை. இல்லாதவர்களிடம் போய் "இன்னும் குறைத்துக்கொள்" என்று சொல்வது நியாயமும் அல்ல. மதுரையில் காந்தி மற்றவர்களைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தாம் சும்மா இருக்கவில்லை. தம்முடைய துணியைத்தான் குறைத்தார். பீரோ நிறைந்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மேல்நாட்டுப் புதுமையா?

துணியைக் குறைத்து, குறைந்த துணியைப் பல விதமாக மாற்றி உடுத்தும் முறைக்கு மேல்நாட்டில் "கேப்ஸ்யூல் வார்ட்ரோப்" என்று பெயர். மாத்திரைக் கூட்டுக்குள் மருந்தை அடக்குவதுபோல, சிறிய பெட்டிக்குள் தேவையான உடையை அடக்குவது. லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் என்ற பெண்மணி 1970-களில் இதைப் பரப்பினார். 1985-ல் நியூயார்க்கில் டோனா கரன் என்ற உடை வடிவமைப்பாளர், ஒன்றுக்கொன்று பொருந்தும் ஏழே உருப்படிகளை வெளியிட்டுப் புகழ் பெற்றார்.

தமிழருக்கு இது புதிது அல்ல. நாடாளும் அரசனுக்கும் காட்டில் திரியும் வேடனுக்கும் தேவையான உடை ஒரே அளவுதான் என்று, புறநானூற்றின் 189-ம் பாட்டில் நக்கீரர் அன்றைக்கே கணக்குச் சொல்லிவிட்டார்.

எத்தனை வேண்டும்?

இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பெட்டியில் ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று செட் போதும். கோடையில் துவைத்த துணி ஒரு பொழுதில் காய்ந்துவிடும். ஆகவே மூன்றுக்கு மேல் தேவைப்படாது.

தோட்டத்துக்குப் போகும் தாய்க்கு: வேலைக்கு மூன்று பருத்திச் சேலை அல்லது சுடிதார், மூன்று முழுக்கைப் பருத்திச் சட்டை, மூன்று துண்டு. காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். வீட்டுக்கு மூன்று மெல்லிய பருத்தி உடை. கடைவீதிக்கும் கோயிலுக்கும் இரண்டு நல்ல பருத்திச் சேலை. கல்யாணப் பட்டு தனி. அது இந்தக் கணக்கில் வராது.

தந்தைக்கு: வேலைக்கு மூன்று செட். வீட்டுக்கு இரண்டு கைலி. வெளியே போக இரண்டு வெள்ளை வேட்டி, மூன்று சட்டை. வேட்டி கட்டினால் மதிப்புக் குறையும் என்று எண்ண வேண்டாம். வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக்கூடாது என்று 2014-ம் ஆண்டு தமிழக சட்டசபை ஒரு சட்டமே செய்திருக்கிறது.

குழந்தைகளுக்கு: வீட்டில் போட மூன்று, வெளியே போக இரண்டு. பள்ளிச் சீருடை தனி. வளரும் பிள்ளைக்குக் கூடுதலாக எடுத்து வைத்தால், அடுத்த கோடைக்குள் அளவு சிறுத்துவிடும்.

நிறம் பார்த்து எடுப்பதும் முக்கியம். மூன்று மேல்சட்டையும் மூன்று கால்சட்டையும் எதற்கு எது போட்டாலும் பொருந்துமானால், ஆறு உருப்படியில் ஒன்பது விதமாக உடுத்தலாம். ரவிக்கையும் அப்படியே. நாலு சேலைக்குப் பொருந்தும் இரண்டு ரவிக்கை, ஒரே சேலைக்குப் பொருந்தும் நாலு ரவிக்கையைவிட மேல். வெயிலுக்கு வெளிர் நிறமும் தளர்ச்சியான தையலும் நல்லது. கறுப்பு நிறம் சூட்டை வாங்கும்.

ஏன் பருத்தி?

வேர்வை உலரும்போதுதான் உடம்பு குளிரும். வேர்வையைத் துணி உறிஞ்சி வெளியே விட வேண்டும். சாதாரணக் காற்றில் வைத்தாலே, 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுப்பதில்லை. அதனால்தான் பாலியஸ்டர் சேலை முதுகில் ஒட்டிக்கொண்டு புழுங்குகிறது. வேர்க்குரு வருகிறது. அடுப்படியிலும் கவனம் வேண்டும். தீப்பொறி பட்டால் பருத்தியும் எரியும். ஆனால் நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பருத்தியிலும் ஒரு குறை உண்டு. நனைந்தால் சீக்கிரம் காயாது. வேர்த்து நனைந்த சட்டையோடு மாலையில் ஜீப்பில் ஏறினால், மலைக்காற்றில் உடம்பு விறைக்கும். ஆகவே தூக்குச் சட்டியோடு ஒரு காய்ந்த சட்டையையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து பட்ட துணி

ஏலத் தோட்டங்களில் பூச்சி மருந்து அதிகம் அடிக்கிறார்கள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைப்பது ஆபத்து. குழந்தையின் சட்டையில் மருந்து ஏறிவிடும். வேலைத் துணியைத் தனி வாளியில், சோப்புப் போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தித் தனியாக வைக்க வேண்டும். அந்தத் துணியோடு பிள்ளையைத் தூக்கக்கூடாது. வேலைத் துணிக்கும் மூன்று செட் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம். ஒரே சட்டையை வாரம் முழுவதும் போட்டால், மருந்தும் வாரம் முழுவதும் உடம்பில் இருக்கும்.

தோட்ட உரிமையாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மருந்து அடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடை, கையுறை, கண்ணாடி, பூட்ஸ் வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் பூச்சி மருந்து விதிகள் சொல்லுகின்றன. தொழிலாளர்களுக்கு மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க விதி செய்யலாம் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. மழைக்கும் குளிருக்கும் அன்றே யோசித்தார்கள். வெயிலுக்கும் இன்று யோசிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முழுக்கைப் பருத்திச் சட்டை கொடுப்பதால் எந்தத் தோட்டமும் நொடித்துப் போகாது.

நெசவாளி என்ன ஆவான்?

எல்லோரும் குறைவாக வாங்கினால் நெசவாளியின் பிழைப்புக் கெடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து மலிவுத் துணிக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று நல்ல துணி எடுத்தால், அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதை வாங்குகிறவர் தீர்மானிக்கலாம். தேனிக்குப் பக்கத்தில் ஆண்டிபட்டி வட்டாரத்தில் தறி ஓடுகிறது. மதுரையில் சுங்குடி இருக்கிறது. வெயிலுக்கு அதைவிட இதமான சேலை ஏது? 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி முதல் போடியில் இருந்து மதுரைக்கு மீண்டும் ரெயிலும் ஓடுகிறது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் கைத்தறித் துணி கிடைக்கும். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். 1921-ல் ரெயில் பயணிகள் சொன்ன அதே குறைதான். பத்துக்குப் பதில் மூன்று என்று எண்ணிக்கையைக் குறைத்தால் அந்தக் குறை தீரும்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது பழமொழி. கந்தையைக் கட்டச் சொன்ன பழமொழி அல்ல அது. துணி கொஞ்சமாக இருந்தாலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னது.

அடுத்த தடவை ஜவுளிக் கடைக்குப் புறப்படும் முன், வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பீரோவைக் காலி செய்யுங்கள். போன கோடையில் ஒரு தடவைகூட உடுத்தாததைத் தனியே எடுத்து வையுங்கள். நல்ல நிலையில் உள்ளதைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுங்கள். மீதியை எண்ணிப் பார்த்து, இல்லாததை மட்டும் ஒரு சீட்டில் எழுதுங்கள். அந்தச் சீட்டில் முதல் வரி, வீட்டில் அதிகமாக வெயிலில் நிற்பவருடைய வேலைச் சட்டையாக இருக்கட்டும்.