பன்றிக்கு எந்தத் துவக்கு?

தேத்தண்ணிக் கடையில ஒரு சண்டை. ஒருத்தன் ஏ.ஆர். வகை றைபிள்தான் திறம் என்கிறான், மற்றவன் போல்ட் அக்சன் என்கிறான். பிறகு .308ஆ, 6.5 கிரீட்மோரா என்று அடுத்த சுற்று. ரெண்டு பேரும் வாழ்க்கையில துவக்குத் தொட்டதில்லை, எல்லாம் யூரியூப் படிப்பு. அதே இரவு, அடுத்த ஊரில ஒரு ஐயா மரவள்ளித் தோட்டத்துக் கொட்டிலில ரோச் லைற்றோட முழிச்சிருக்கிறார். பன்றி வந்தால் தகரம் தட்டுவார். அவரிட்ட இருக்கிற ஆயுதம் அவ்வளவுதான்.

பொடியளைப் பகிடி பண்ண நாங்கள் இதை எழுதவில்லை. அவங்கள் கேட்கிற கேள்வி சரியான கேள்வி. எந்த மிருகத்துக்கு எந்தத் துவக்கு, எந்த ரவை? பிழை என்னவென்றால், இந்த நாட்டில் அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் கேட்பதே இல்லை.

முதலில் கடைச் சண்டையை முடித்து வைப்போம். துவக்கின் வடிவம் பற்றிப் பன்றிக்குக் கவலையில்லை. ரவை எவ்வளவு சக்தியோடு வந்து எங்கே படுகிறது என்பதுதான் விசயம். சக்தி காணாவிட்டால் மிருகம் சாகாது. காயத்தோட பற்றைக்குள்ள போய், நாள்கணக்கில் சீழ்பிடித்துச் சாகும். அதனால்தான் ஜேர்மனி இதை ஆளாளின் ருசிக்கு விடாமல் சட்டமாக்கியிருக்கிறது. சிறிய றோ மானுக்கு 100 மீற்றர் தூரத்தில் குறைந்தது 1000 யூல் சக்தி வேண்டும். பன்றிக்கு 2000 யூல், ரவையின் விட்டமும் 6.5 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஏ.ஆர். றைபிளில் வழமையாகப் போடும் .223 ரவை குழல் வாயிலேயே சுமார் 1700 யூல்தான். ஆகவே பன்றிக்கு அது சரிவராது. .308, 6.5 கிரீட்மோர் ரெண்டும் தாராளமாகத் தாண்டும். நோர்வேயில் பெரிய மிருகம் சுடுகிறவர் ஒவ்வொரு வருசமும் சூட்டுப் பரீட்சை பாஸ் பண்ணவும் வேண்டும். துவக்கு மட்டும் காணாது, கையும் சரியாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இனி எங்கட பக்கம். இங்கே பயிர் காக்க என்று லைசென்ஸ் கிடைத்தால், அது பெரும்பாலும் 12 போர் துவக்கு. சன்னம் பரவிப் போகிற துவக்கு. முப்பது, நாற்பது மீற்றருக்கு அங்கால அது பன்றியைக் கொல்வதைவிடக் காயப்படுத்துவதே கூட. ஜேர்மனியில் பன்றிக்குச் சன்னத்தால் சுடுவதே குற்றம். அந்த 12 போரும் காணி உறுதி, காசு, கந்தோர் வாசல் ஏறி இறங்க நேரம் இருக்கிறவருக்குத்தான். வடக்கு கிழக்கில் ஒருவர் துவக்குக் கேட்டுப் போனால் ‘என்னத்துக்கு?’ என்ற பார்வை முதலில் விழும். ஏன் விழும் என்று விளக்கத் தேவையில்லை.

கிடைக்காதவர் என்ன செய்வார்? கட்டுத்துவக்கு கட்டுவார், சுருக்கு வைப்பார், கரண்ட் கம்பி இழுப்பார், தீனுக்குள்ள வெடி வைப்பார். கட்டுத்துவக்குக்கு ஆள் தெரியாது, விறகுக்குப் போனவரின் கால் போகும். சுருக்கில் சிறுத்தை மாட்டும். ‘ஹக்க பட்டாஸ்’ என்று சிங்களத்தில் சொல்லும் அந்த வெடியை யானைக்கன்று கடித்தால் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் சாகும். 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. அதில் வெடிக்கும் துவக்குக்கும் கரண்டுக்கும் பெரிய பங்கு.

இந்தக் கேள்வியை இந்தத் தீவில் ஒருவரும் கேட்டதில்லை என்றும் இல்லை. வெள்ளைக்காரன் கேட்டான். சாமுவேல் பேக்கர் 1850களில் இலங்கை வேட்டை பற்றி எழுதிய புத்தகத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு கனமான குண்டு என்று கணக்குப் பார்த்தார். மேஜர் றொஜர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. யானை கொன்றவருக்கு அன்றைய அரசாங்கம் சன்மானமும் குடுத்தது. விளையாட்டுக்குச் சுட்டவனுக்குத் துவக்குச் சாத்திரம் இருந்தது. வயிற்றுக்குப் பயிர் வைத்தவனுக்கு இன்றும் இல்லை.

‘அப்ப எல்லாருக்கும் துவக்கைக் குடுக்கச் சொல்லுறீங்களோ?’ இல்லை. எங்கட தலைமுறைக்குத் துவக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. .308 ரவை குறி தப்பினால் கிலோமீற்றர் கணக்கில் போகும். வயலும் வீடும் ஒட்டிக் கிடக்கிற எங்கட வெட்டையில அது யாற்ற முற்றத்தில விழும்?

‘எயார் றைபிள் குடுத்தால் போச்சு’ என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண எயார் றைபிள் 15 முதல் 30 யூல். குரங்குக்குத் தலையில் துல்லியமாகப் பட்டால் ஒழிய அது காயம் மட்டும்தான். பன்றிக்கு நுளம்புக்கடி. செலவு குறைந்த தீர்வு என்று அதைச் சொல்லாதீர்கள். மிச்சச் செலவை மிருகம் கட்டுகிறது.

‘மிருகத்தைத் தொடவே கூடாது’ என்று கொழும்பில இருந்து பதிவு போடுகிறவர்களுக்கும் ஒன்று. ஒரு ராவில அழியிற மரவள்ளிக்கு நீங்கள் நட்டஈடு குடுப்பீங்களோ? குடுக்காவிட்டால் தடை கட்டுத்துவக்கைத்தான் வளர்க்கும்.

நாங்கள் கேட்பது நாலு. முதலில் வேலியும் நட்டஈடும். சுட்டே ஆகவேண்டிய இடத்தில், எந்த மிருகத்துக்கு எந்தத் துவக்கு, எந்த ரவை, எவ்வளவு தூரம் என்று எழுதப்பட்ட விதி. ஊருக்கு ஒரு சிறிய குழு, அதற்குப் பயிற்சியும் வருசாவருசம் பரீட்சையும். காயப்பட்ட மிருகத்தைத் தேடிப்போய் முடிக்கிற பொறுப்பும் அந்தக் குழுவுக்கே. சுடுகிறவர் யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டும். கட்டுத்துவக்குக்கு அப்படி ஒரு பெயர் இல்லை, அதுதான் அதன் ஆபத்து.

தேத்தண்ணிக் கடைப் பொடியளே, .308ஐப் பற்றி இவ்வளவு தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகாது. அடுத்த கமநல சேவை நிலையக் கூட்டத்துக்கு அந்த ஐயாவோட போய் இருந்து, இதே கேள்வியை அங்க கேளுங்கோ.