கொம்தார் எவ்வளவு உயரம்?

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பல தெருக்களிலிருந்தும் தெரிகிற கொம்தார் கோபுரத்தின் உயரம் 249 மீட்டர் என்று புத்தகத்தில் படித்து ஒப்புவிப்பது ஒரு வகைக் கல்வி. ஒரு பாகைமானி, ஓர் உறிஞ்சுகுழல், ஒரு முழம் நூல், அதன் நுனியில் கட்ட ஓர் இரும்பு நட்டு ஆகியவற்றைக் கொண்டு கோணம் அளக்கும் கருவியொன்றைத் தன் கையாலேயே செய்து, கோபுரத்தின் உச்சியை நோக்கி, உயரத்தைத் தானே கணித்து, தன் விடையும் பக்கத்தில் நிற்பவன் விடையும் ஏன் ஒத்துவரவில்லை என்று வழக்காடுவது வேறு வகைக் கல்வி. நம் இடைநிலைப்பள்ளிகளில் கணிதமும், விசேஷமாகப் புள்ளியியலும், இந்த இரண்டாம் வகையில் கற்பிக்கப்படவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மூன்றாம் படிவத்தில் முக்கோணவியல் விகிதங்களும் அளவுத்திட்டப்படி படம் வரைதலும் பாடங்களாக உள்ளன. நகர வரைபடத்தைக் கொண்டு கோபுரத்தின் அடியிலிருந்து 400 மீட்டர் தள்ளிய ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, அங்கே முப்பது மாணவர்களை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். பாகைமானியின் நேர்விளிம்பில் ஒட்டிய குழலின் வழியே உச்சியைப் பார்க்கையில் நூல் 58 பாகையில் வந்து நிற்கும். அதை 90-இலிருந்து கழித்தால் ஏற்றக்கோணம் 32. அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பை 400-ஆல் பெருக்கி, பார்ப்பவரின் கண்மட்டத்துக்காக ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் ஏறக்குறைய 251 வரும். கை சிறிது நடுங்கி ஒரு பாகை குறைந்தால் 242. ஒரு பாகை கூடினால் 261. யாரோ ஒரு பிள்ளை கழிக்க மறந்து 58-ஐயே கோணமாகக் கொண்டுவிட்டால், விடை 642.

இந்த முப்பது விடைகளையும் திருத்தாமல், ஒன்றையும் மறைக்காமல், கரும்பலகையில் எழுதிவைக்கிற உபாத்தியாயரே என் மதிப்பில் உத்தமமான உபாத்தியாயர். மற்ற இருபத்தொன்பது பேரும் 251-ஐ ஒட்டியே வந்திருந்தாலும், அந்த ஒரு 642 சேர்ந்த மாத்திரத்தில் வகுப்பின் சராசரி 264-க்கு ஏறிவிடுவதையும், விடைகளை வரிசைப்படுத்தி நடுவிலிருந்து எடுக்கிற இடைநிலை அளவு அசையாமல் இருப்பதையும் பிள்ளைகள் பிரத்யட்சமாகக் காண்பார்கள். விடைகள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதை ஒரே எண்ணால் சொல்ல வழியுண்டா என்ற கேள்வி அப்போது அவர்களிடமிருந்தே பிறக்கும். நான்காம் படிவத்தில் திட்ட விலக்கம் வரும்போது, அது தாங்கள் கேட்ட கேள்விக்கு வந்த விடையாகவே அவர்களுக்குத் தோன்றும். புத்தகத்துப் பயிற்சிகளில் வருகிற எண்களோ எவருடையவை, எதை அளந்தவை என்று தெரியாத அநாதை எண்கள். அவற்றின் சிதறலைப்பற்றிக் கவலைப்படப் பிள்ளைக்கு முகாந்தரம் ஏது?

இந்த வழி நமக்குப் புதிதன்று. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியராயிருந்த பி.கே. சீனிவாசன், காகிதத்தையும் நாட்காட்டியையும் கணித உபகரணங்களாக்கிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆயுள் முழுவதும் கற்பித்தவர். ராயபுரத்தில் 1993-இல் எழுந்த ராமானுஜன் அருங்காட்சியகம் அவருடைய உழைப்பாலும் உருப்பெற்றது. மாத நாட்காட்டியில் மூன்றுக்கு மூன்றாக எந்தச் சதுரத்தைக் கட்டமிட்டாலும், அதிலுள்ள ஒன்பது தேதிகளின் கூட்டுத்தொகை நடுத்தேதியின் ஒன்பது மடங்காகவே இருக்கும். அது ஏன் என்று கேட்டுவிட்டால் இயற்கணிதம் தொடங்கிவிடுகிறது. நாட்காட்டி தொங்காத தமிழ் வீடு பினாங்கில் உண்டோ?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் திரளும் ஜனங்கள் எத்தனை லட்சம் என்று ஆண்டுதோறும் பேசிக்கொள்கிறோம். 1960-களில் பெர்க்லியில் பத்திரிகைத்தொழில் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சில கட்டங்களில் நிற்பவர்களை எண்ணி, மொத்தப் பரப்புக்குப் பெருக்கிக் கூட்டத்தை மதிப்பிடும் முறையைக் காட்டினார். நம் பிள்ளைகளும் சாலையில் பத்துப் பத்து மீட்டராகச் சில இடங்களை எண்ணிப் பார்க்கலாம். காவடி போகிற நேரத்து எண்ணிக்கையும் நண்பகல் எண்ணிக்கையும் வேறுபடுவதைக் கண்டு, எந்த மாதிரியை நம்புவது என்று அவர்கள் யோசிக்கட்டும்.

பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டு படித்து வெளிவரும் பிள்ளைகளைப்பற்றி எனக்குத் தனிக் கவலை உண்டு. தமிழில் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் முதல் படிவத்தில் பெரும்பாலும் மலாயில் அதே கணக்கைக் கேட்கநேர்கிறது. நன்றாகப் போட்டவன்கூடச் சில மாதம் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கிறான். கையில் நூலும் பாகைமானியும் இருந்தால் அவன் அளப்பான், சுட்டிக்காட்டுவான், நண்பனோடு வாதாடுவான். அந்த வாதத்தினூடே புதிய மொழியும் அவனுக்கு வசமாகிவிடும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் அலட்சியப்படுத்தவில்லை. அவர்கள் சுமக்கும் பளு மெய்யானது. ஆனால் முடிக்கப்பட்ட பாடம் பிள்ளையின் மனத்தில் தங்கியதா என்பதையும் பார்க்கவேண்டாமா? சர்வதேச பீஸா மதிப்பீட்டில் மலேசிய மாணவர்களின் கணிதப் புள்ளி 2018-இல் 440-ஆக இருந்து 2022-இல் 409-க்கு இறங்கியது. பெருந்தொற்றுக்காலம் அதற்கு ஒரு காரணமென்றாலும், ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரிக்கு நாம் முன்னமே எட்டாமலிருந்தோம். 2022-இல் மூன்றாம் படிவத்துப் பி.டி.3 தேர்வு நீக்கப்பட்டபோது கீழ்ப்படிவங்களின் தேர்வுப் பளு குறைந்தது. நாளை வேறொரு மதிப்பீடு வந்தாலும், பாடத்துக்கு ஒரு செய்முறை என்ற அளவுக்காவது இடம் ஒதுக்குவது அசாத்தியமன்று.

அதே சமயம், கேள்வியில்லாத செய்முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வண்ணக்காகிதம் வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டுவதோடு பாடம் முடிந்துவிடுமானால், அது கணிதமாகாது. அளந்த பிறகு உட்கார்ந்து தர்க்கம் செய்கிற நேரமே பாடத்தின் உயிர். திடலில் இருபது நிமிஷம் செலவானால், வகுப்பில் நாற்பது நிமிஷம் பேச்சுக்கு வேண்டும்.

தென்கிழக்காசிய நாடுகளின் ஆசிரியர்களுக்கு அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் முறைகளில் பயிற்சி தருகிற ரெக்சாம் நிலையம் 1967-இலிருந்து நம் குளுகோரிலேயே இருக்கிறது. அந்நிலையம் பினாங்கு ஆசிரியர்களுக்கென்று விடுமுறைப் பயிலரங்குகளை நடத்தவேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அளவுநாடாவுக்கும் நூலுக்குமான சிறுசெலவை ஏற்கவேண்டும். பள்ளியளவில் தரப்படும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, பிள்ளை தானே அளந்து, தானே பதிந்து, தன் பிழைக்குக் காரணமும் எழுதிய குறிப்பேட்டுக்கு ஒதுக்கவேண்டும்.