ஒத்துக்கொண்டான் என்றால் முடிந்ததா?



விசாரணை என்று மகனை அழைத்துச் சென்றதும் தகப்பனார் கேட்கும் கேள்வி இதுதான்: "ஸ்டேஷனில் ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டானாம் பாய். இனி அவ்வளவுதானா?" மறுநாள் காலையே 'பரபரப்பு வாக்குமூலம்' என்று பத்திரிகைகள் தீர்ப்பெழுதி விடுகின்றன. சொந்த ஜமாஅத்தாரே அந்தக் குடும்பத்தை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு அது; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 23வது பிரிவு. காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னாலொழிய, அதுவும் செல்லாது. இது வெள்ளைக்காரன் கருணையால் வந்ததல்ல. நமது சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் நடந்த சித்திரவதைகளை 1855இல் ஒரு விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. 1861இல் இந்தத் தடை சட்டத்தில் ஏறியது.

ஆனால் ஒரு சந்து உண்டு. சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். "கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்பது ஏறும். "அதால்தான் குத்தினேன்" என்பது ஏறாது. 1947இலேயே பிரிவி கவுன்சில் தெளிவுபடுத்திய விஷயம் இது.

வியாபாரச் சகோதரர்களே, நீங்கள் வருவது இங்கேதான். பொருளைக் கைப்பற்றும் மகஜரில் கையெழுத்துப் போடப் பக்கத்துக் கடைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். வியாபார நேரத்தில் ஏன் வம்பு என்று, எதையும் பார்க்காமலே கல்லாவில் உட்கார்ந்தபடி கையெழுத்திட்டவர்கள் நம்மில் இல்லையா? பொருள் அங்கே இருந்ததா, கொண்டுவந்து வைக்கப்பட்டதா என்ற கேள்விக்கு நாளை உங்கள் கையெழுத்துதான் பதிலாக நிற்கும். எழுத்து மூலம் அழைத்தால் தக்க காரணமின்றி மறுப்பது குற்றம். எனவே போங்கள், கண்ணால் பாருங்கள், படித்துப் பாருங்கள். கண்டதற்கு மட்டும் கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாள் என்றால் பேனாவை எடுக்காதீர்கள்.

தடாவும் பொடாவும் இந்தப் பாதுகாப்பைத்தான் பிடுங்கின. எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம் என்றன. 1994இல் உச்ச நீதிமன்றமும் தடாவின் அந்தப் பிரிவு செல்லும் என்றது. விளைவு என்ன? 2002 அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் பொடா வாக்குமூலங்களை நம்பி மூவருக்குத் தூக்கு விதித்தார்கள். 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என விடுவித்தது. மிரட்டப்பட்டார்களா என்று மாஜிஸ்திரேட் விசாரிக்கவே இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் வந்தது. உண்மையில் கோயிலில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கும் இதனால் நீதி கிடைக்கவில்லை. தடா 1995இலும் பொடா 2004இலும் போய்விட்டன. ஊபா சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. மகாராஷ்டிரத்தின் மகோகாவில் இன்றும் இருக்கிறது.

இளைஞர்களே, காவல்துறை விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதினால் அதில் உங்கள் கையெழுத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கைதானால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். ஒப்புதல் வாக்குமூலம் தரக் கட்டாயமில்லை என்பதை உங்களுக்கு விளக்குவது அவர் கடமை. தர விருப்பமில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டால், அதற்காக மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் கிடையாது.