பத்து சேனல்னா பத்து மைக் இல்ல மக்களே!

போன கல்ச்சுரல்ஸ்ல நம்ம அக்கூஸ்டிக் டீம் மேடை ஏறினப்போ, ஓரமா உட்கார்ந்து கடம் வாசிச்ச ஜூனியர் பையனை ஞாபகம் இருக்கா? இருக்காது. அவன் வாசிச்சது யாருக்குமே கேக்கல. அன்னைக்குன்னு பார்த்து ஊர்ல இருந்து அவன் அம்மா வேற வந்திருந்தாங்க.

தப்பு எங்களோடது. பத்து சேனல் மிக்ஸர்னா பத்து மைக் போடலாம்னு நம்பி வாடகைக்கு எடுத்துட்டோம். அந்தப் பத்துல லைன் இன்புட்டும் சேர்த்திதான். யமஹா எம்ஜி10எக்ஸ்யூவை எடுத்துக்கோங்க. 10 இன்புட், ஆனா மைக் ப்ரீஆம்ப் 4. மீதி ஸ்டீரியோ லைன், கீபோர்டு, லேப்டாப் சொருகத்தான் லாயக்கு. வாய்ப்பாட்டுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பின்னு 2. முடிஞ்சது கதை. கடம் அவுட்.

இப்போ மியூசிக் கிளப் சொந்தமா மிக்ஸர் வாங்கப் போகுது. 24 எஃபெக்ட் இருக்காம்னு குரூப்ல ஆளாளுக்கு ஹார்ட் விடுறீங்க. அக்கூஸ்டிக் கச்சேரிக்கு துளி ரிவெர்ப் போதும் சாமி, மீதி 23 எதுக்கு?

மைக் இன்புட்டுக்கு அடுத்து நீங்க எண்ண வேண்டியது ஆக்ஸ் அவுட். மேடையில இருக்கிறவங்களுக்குக் கேக்குற மானிட்டர் ஸ்பீக்கருக்கு தனி மிக்ஸ் போறது அது வழியாத்தான். சின்ன மிக்ஸர்ல பெரும்பாலும் ஒண்ணுதான் இருக்கும், அதையும் எஃபெக்ட் பங்கு போட்டுக்கும். பாட்டுக்கு ரிவெர்ப் கூட்டினா மானிட்டர்லயும் பாட்டு ஏறும், மைக் ஊளையிடும். குறைச்சா மிருதங்கக்காரருக்குப் பாட்டே கேக்காது. கேக்காம எப்படித் தாளம் பிடிப்பார்? எம்ஜி12எக்ஸ்யூல மைக் 6, ஆக்ஸ் 2. என் ஓட்டு அதுக்குத்தான். லோ கட் பட்டனும் இருக்கு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வர்ற மேடை அதிர்வை வெட்டிடும். தொப்பி மைக்குக்கு மட்டும் அதை அழுத்திடாதீங்க, கும்கி மெலிஞ்சிடும்.

பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 வாங்கலாம்னு ஒரு கோஷ்டி சொல்லுது. 16 மைக் ப்ரீஆம்ப், 6 ஆக்ஸ், நல்ல பெட்டிதான், மறுக்கல. ஆனா அதுல ஒரு ஃபேடர் கூட கிடையாது, எல்லாமே டேப்லெட்லதான். ஆடிட்டோரியம் முழுக்க போன் வச்சிருக்கிற கூட்டத்துக்கு நடுவுல வைஃபை படுத்துச்சுன்னா கையால இழுத்துச் சரிபண்ண ஒண்ணும் இருக்காது. விலையும் நமக்கு எட்டாது.

மிச்சப்படுற காசுல ரெண்டு டிஐ பாக்ஸ் வாங்குங்க. வயலின்ல ஒட்டுற பீசோ பிக்கப்பை நேரா மிக்ஸர்ல சொருகினா இம்பீடன்ஸ் ஒத்துப்போகாம சத்தம் தகரமா கேக்கும். நடுவுல டிஐ வச்சா வயலின் வயலினா கேக்கும்.

வெள்ளிக்கிழமை கிளப் மீட்டிங். விலைப்பட்டியலைத் திறக்கறதுக்கு முன்னாடி மேடையில யார் யார் உட்காரப் போறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க. கடத்தை முதல் வரியில எழுதுங்க.