அட்டைப்படத்தில் நம் முகம் எப்போது?

சிவகாசி அச்சகங்களில் காலண்டர் கட்டுவதிலும் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதிலும் நம் மக்களின் உழைப்பு இருக்கிறது. அந்தத் தாள்களில் சிரிக்கும் முகங்களில் நம் முகம் இல்லை. நம் முகம் எப்போது அச்சேறுகிறது? 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். வெடிவிபத்துக்கு மறுநாள், பாஸ்போர்ட் அளவில்.

யார் முகம் அட்டைக்கு வரலாம் என்பதில் கேமரா பிடிப்பவருக்கும் பங்குண்டு. சென்னையின் பேஷன் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட் ராம், சுஹாசினி மணிரத்னத்தின் அறக்கட்டளைக்காக 2020 காலண்டரில் ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்து மீண்டும் உருவாக்கினார். நோக்கம் நல்லது, உழைப்பையும் மதிக்கிறோம். நம் கேள்வி வேறு. 1894இல் அச்சகம் தொடங்கி வீடுதோறும் சாமி படம் சேர்த்த ரவிவர்மாவின் பட்டும் நகையும் வெளுத்த மேனியுமே இன்றைக்கும் ஏன் அழகின் அளவுகோல்? கரிமருந்து படிந்த கை அந்தச் சட்டத்துக்குள் வருமா?

அமெரிக்காவில் 'வோக்' இதழ் தொடங்கியது 1892இல். அதன் அட்டைப்படத்தை முதன்முதலாக ஒரு கறுப்பினக் கலைஞர் எடுத்தது 2018 செப்டம்பர் இதழுக்குத்தான். அவர் 23 வயது டைலர் மிட்செல். படத்தில் இருந்தவர் பாடகி பியான்சே. அதுவரை திறமைசாலிகளே இல்லையா? 1940களிலேயே கோர்டன் பார்க்ஸ் அதே இதழுக்கு பேஷன் படங்கள் எடுத்தார். உள்பக்கம் கிடைத்தது, அட்டை கிடைக்கவில்லை. பஞ்சம் திறமைக்கு இல்லை, வாய்ப்புக்குத்தான்.

இங்கேயும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கேமராவை எடுத்திருக்கிறார்கள். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனிகுமார், மலக்குழியில் உயிரிழந்தோரின் குடும்பங்களைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் நம் போராட்டத்துக்குச் சாட்சி. ஆனால் வலியைக் காட்ட நம் கேமரா, அழகைத் தீர்மானிக்க அவர்கள் கேமரா என்ற பங்கீட்டை நாம் ஏற்க முடியாது. அழகும் உரிமைதான்.

இந்தத் தொழிலுக்குள் நுழைய விலை உண்டு. கேமரா, லென்ஸ், விளக்குகளுக்கு லட்சங்கள் வேண்டும். பெயர்பெற்ற கலைஞரிடம் சொற்பச் சம்பளத்தில் உதவியாளராகச் சில ஆண்டுகள் நிற்க வேண்டும். அதுவரை சென்னையில் வாடகை கொடுக்க வேண்டும். வாரக்கூலி வீட்டால் தாங்க முடியுமா? பத்திரிகைகளும் விளம்பர நிறுவனங்களும் உதவியாளர்களுக்கு முறையான சம்பளம் தரட்டும். தாட்கோவின் கடனிலும் பயிற்சியிலும் பேஷன் புகைப்படத் தொழிலுக்கும் இடம் கொடுக்கட்டும்.

அச்சங்குளத்துப் பெண் ஒருத்தி உயிரோடு, சிரித்த முகத்தோடு, முழுப்பக்கத்தில் காலண்டரில் வரட்டும். படம் எடுத்தவரும் நம் தெருக்காரராக இருக்கட்டும்.